ரோட்டுப் பக்கச் சுவர்

ஊத்துமலைத் தோட்டத்துக்கு யாராவது பெரிய மனுசர் வரப்போகிறார் என்றால் லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வீட்டு வரிசைக்கு, வெள்ளையடிப்பார்கள். முழு லயத்துக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். ரோட்டுப் பக்கச் சுவருக்கு மட்டும். பின்பக்கம் தகரம் பிய்ந்து, சுவரில் பாசி ஏறி, கக்கூஸ் கதவுக்குப் பதிலாக உரச்சாக்கு தொங்கும். அதையெல்லாம் ஜீப்பில் வருகிறவர் எதற்குப் பார்க்கப் போகிறார்? றக்வானையிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் அந்த ரோட்டில் அவர் கண்ணில் படுவது ஒரு பக்கம்தான். அது பளிச்சென்று இருந்தால் தோட்டமே பளிச்சென்று இருப்பதாக எழுதிக்கொண்டு, தேத்தண்ணி குடித்துவிட்டு இறங்கிப் போவார்.

அந்த வெள்ளைச் சுவருக்குப் பின்னால், முதல் காம்பராவில் இருந்தாள் கிருஷ்ணகுமாரி. மேல் டிவிசனில் தேயிலைக் கொழுந்து எடுக்கிறவள், வயது முப்பத்தேழு. புருசன் பிரதீபனுக்கு எம்பிலிப்பிட்டியச் சந்தையில் வாழைத்தார் ஏற்றி இறக்குகிற வேலை. சனிக்கிழமை இரவு வருவான், ஞாயிறு பின்நேர பஸ்ஸில் போய்விடுவான். ஒரே மகள் சுமித்ரா, ஆறாம் வகுப்பு. கிருஷ்ணகுமாரி வெற்றிலை போடமாட்டாள். மலையில் நிரை பிடிக்கிற பெண்களில் வெற்றிலை போடாதவள் அவள் ஒருத்திதான். பல் அரிசி மாதிரி இருக்கும். இந்தப் பல்தான் அவளுக்கு வினையாகப் போகிறது என்று அப்போது யாருக்குத் தெரியும்?

அவளுக்கு ஒரு சங்கடம் இருந்தது. மாதத்துக்கு ஒருமுறை வரவேண்டியது இரண்டு தடவை வந்தது, பிறகு மூன்று தடவை. புருசன் வந்துபோன மறுநாள் கட்டாயம் வந்தது. மாரியம்மன் திருவிழாவுக்குப் பால்குடம் எடுக்க நேர்ந்து, காப்புக் கட்டி, விரதமும் இருந்தாள். குடம் தூக்குகிற அன்று காலையில் பார்த்தால் சேலையில் கறை. காப்பைத் தானே அவிழ்த்து வாழை மரத்தடியில் போட்டுவிட்டு, காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துக்கொண்டாள். ஊர் முழுக்க மேளம் கேட்டது. இவள் போர்வைக்குள் அழுதாள்.

யாரிடம் சொல்வது? தோட்டத்து மிட்வைஃப் அம்மா மாற்றலாகிப் போய், அந்த இடம் காலியாகவே கிடந்தது. டிஸ்பென்சரியில் இருந்தவர் ஆம்பிளை டொக்டர் ஐயா. அவரிடம் போய் வயிற்று வலி என்றாள். அவர் வெள்ளைக் குளிசை கொடுத்தார். தலைவலிக்கும், கால் வீக்கத்துக்கும், அட்டைக் கடிக்கும் அவர் கொடுப்பது அதே குளிசைதான். ஆளுக்கு ஆள் பாரபட்சம் காட்டமாட்டார்.

இப்படி இருக்கும்போது ஒருநாள் சுமித்ரா கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். ஆறாம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்கு ஊசி போட்டார்களாம். கர்ப்பப்பைக் கழுத்தில் புற்றுநோய் வராமல் இருக்கிறதுக்காம். ஊசி போட்ட நர்ஸ் மிஸி ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒன்று சொல்லி அனுப்பியிருந்தார்.

“பெரியவங்களுக்கு இந்த ஊசி இல்லையாம்மா, பரிசோதனதானாம். ஒங்கம்மாவுக்குப் பாத்தாச்சான்னு கேக்கச் சொன்னாங்க. ஒனக்குப் பாத்தாச்சா?”

கிருஷ்ணகுமாரி அடுப்பை ஊதிக்கொண்டே, பார்க்கணும் என்றாள். அன்றிலிருந்து அவளுக்கு வேறு நினைப்பில்லை. அந்தப் பரிசோதனையை எப்படியாவது செய்துகொள்ளவேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசைப்பட்டது. பாவம், பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை.

கேட்டது அம்மனுக்குக் கேட்டுவிட்டதோ என்னவோ, அடுத்த மாதமே லயத்துக்கு வெள்ளையடித்தார்கள். மாதர் நல விழிப்பூட்டல் பணியகம் வருகிறதாம். கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய் பற்றிப் பெரிய கூட்டமாம். தோட்டத்து வெல்பெயர் ஐயா மதுசன் காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்தில் நின்று, கூட்டத்துக்கு வருகிறவர்களுக்குப் பேர் போடப்படும் என்று அறிவித்தார். பேர் என்றால் அங்கே ஒரு நாள் வேலைக் கணக்கு. கொழுந்து எடுக்காமல் பேர் போடுகிறார்கள் என்றால் எவள் வரமாட்டாள்? லொறியில் நெருக்கி ஏற்றிக்கொண்டுபோய்க் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் இறக்கினார்கள்.

பணியகத்துப் பணிப்பாளர் செல்வரத்தினம் யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் மூன்று பேனை. குத்துவிளக்கு ஏற்றவே வெகுநேரம் பிடித்தது. ஒவ்வொரு திரிக்கும் ஒவ்வொரு அதிகாரி, ஒவ்வொரு அதிகாரிக்கும் ஒரு மாலை, மாலை போட்டவருக்கு நன்றி சொல்ல இன்னொருவர். பிறகு செல்வரத்தினம் மைக்கைப் பிடித்தார்.

“அன்பான தாய்மாரே, இந்தக் கொடிய நோயைப் பற்றி நான் இதுவரை எத்தனையோ தோட்டங்களில் உரையாற்றியிருக்கிறேன். ஒரு கூட்டத்திலிருந்தாவது ஒரு தாய் எழுந்து போனதில்லை. எங்கள் பணியகத்தின் வெற்றிக்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?”

யாரும் எழுந்து போகாததற்குக் காரணம், லொறி அவர் பேசி முடித்த பிறகுதான் திரும்பும் என்பது. அதை அவருக்கு யார் சொல்ல?

பேச்சுக்கு முன்னால், இந்த நோயைப் பற்றித் தெரிந்தவர்கள் கையைத் தூக்குங்கள் என்றார்கள். ஒருவரும் தூக்கவில்லை. பேச்சுக்குப் பிறகு, இப்போது தெரிந்தவர்கள் தூக்குங்கள் என்றார்கள். எல்லோரும் தூக்கினார்கள். பூச்சியத்திலிருந்து நூறு வீதம் என்று அறிவித்ததும் அதிகாரிகள் ஒருவருக்கொருவர் கைகொடுத்துக்கொண்டார்கள். பெண்களுக்கு ஆளுக்கொரு தொப்பி கிடைத்தது. தொப்பியில் ‘நான் விழித்துக்கொண்டேன்’ என்று எழுதியிருந்தது.

கிருஷ்ணகுமாரி தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு மேடைக்குப் பின்னால் போனாள். அங்கே பரிசோதனை நடக்கிற இடம் இருக்கும் என்று நினைத்தாள். பெரிய சட்டியில் கடலைதான் தாளித்துக்கொண்டிருந்தார்கள்.

“ஐயா, அந்தப் பரிசோதன எங்கங்க பாக்கிறது?” என்று செல்வரத்தினத்திடமே கேட்டாள்.

“பிள்ளை, நாங்கள் விழிப்பூட்டல் பிரிவு. பரிசோதனை வேறை பிரிவு. இந்தத் தோட்டம் நூறு வீதம் விழிச்சிட்டுது எண்டு நாங்கள் எழுதிக் குடுத்தாப் பிறகுதான் அவையள் வருவினம்.”

வயதைக் கேட்டார். சொன்னாள். அவர் நாக்கால் உச்சுக் கொட்டினார். முப்பத்தைந்தில் ஒருமுறை, நாற்பத்தைந்தில் ஒருமுறை கூப்பிடுவதுதான் திட்டமாம். இவள் முந்தினதற்குப் பிந்திவிட்டாளாம், பிந்தினதற்கு முந்திவிட்டாளாம். எட்டு வருசம் பொறுத்தால் சரியாக இருக்கும் என்றார். தீபாவளிச் சேலைக்குத் தவணை சொல்கிற கடைக்காரர்கூட இவ்வளவு நீட்டமாட்டார்.

பக்கத்தில் மதுசனும் கணக்கப்பிள்ளையும் நின்றார்கள். அவளுக்கு உடம்பு கூசியது. இருந்தாலும் இன்று விட்டால் இனி யாரைப் பிடிப்பது என்று பல்லைக் கடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

“எனக்கு மாசத்துக்கு மூணு தடவ ரத்தம் படுதுங்க ஐயா. அவரு வந்துட்டுப் போனாலும் படுது.”

செல்வரத்தினத்தின் முகம் மலர்ந்தது. மதுசனைத் தோளில் தட்டினார்.

“கேட்டியளே? மூண்டாவது அறிகுறியும் நாலாவது அறிகுறியும்! பேச்சிலை ஒரு தரம்தான் சொன்னனான். புத்தகம் பாக்காமல் அப்பிடியே ஒப்புவிக்கிறா.”

மற்ற அதிகாரிகளையும் கூப்பிட்டார். அவர்களும் கடலைக் கோப்பையோடு வந்தார்கள். இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். அவள் தலையைக் குனிந்துகொண்டு இன்னொரு தரம் சொன்னாள். கை தட்டினார்கள். அப்போதுதான் செல்வரத்தினம் அவள் பல்லைக் கவனித்தார்.

பணியகம் ஒரு பெரிய போஸ்டர் அடிக்க இருந்தது. அதற்கு உண்மையான தோட்டத்துப் பெண் வேண்டும். நாலு தோட்டம் தேடியும் எல்லாப் பல்லும் வெற்றிலைச் சிவப்பு. நோய் பற்றிய போஸ்டரில் சிவப்பு வந்தால் மக்கள் பயந்துவிடுவார்கள் என்று ஒரு நிபுணர் சொல்லியிருந்தாராம். மதுசன் சந்தோசத்தில் குதிக்காத குறை. தோட்டத்துக்குப் பெயர் வருகிறதே! கிருஷ்ணகுமாரியின் சந்தோசம் வேறு. படம் எடுப்பது பரிசோதனைக் கட்டிலில் என்றார்கள். கட்டிலில் ஏற்றிவிட்டுப் பார்க்காமலா இறக்கிவிடுவார்கள் என்று அவள் நம்பினாள்.

டிஸ்பென்சரியின் உள்ளறையைத் திறந்தார்கள். புதுக் கட்டில். காலை வைக்கிற கம்பிகளோடு, பளபளவென்று, பிளாஸ்டிக் உறைகூடக் கழற்றாமல் நின்றது. உறையைக் கழற்றினால் தூசி பிடிக்கும் என்று டொக்டர் ஐயா வந்த நாளிலிருந்து பூட்டியே வைத்திருந்தாராம். போட்டோக்காரர் வெளிச்சம் கட்டினார். முதலில் படு என்றார்கள். படுத்தாள். படுத்தால் நோயாளி மாதிரி இருக்கிறது, உட்கார் என்றார்கள். உட்கார்ந்தாள். சிரி என்றார்கள். இன்னும் கொஞ்சம் விழிப்பாகச் சிரி என்றார்கள்.

பக்கத்தில் வெள்ளைக் கோட் போட்ட மிஸி ஒருவர் அவள் தோளில் கையை வைத்து நின்றார். போட்டோக்காரர் வெளிச்சத்தை மாற்றுகிற நேரத்தில் கிருஷ்ணகுமாரி அந்த மிஸியின் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். பால்குடம் எடுக்க முடியாமல் போனதைக்கூடச் சொன்னாள். சொல்லிவிட்டு, இப்பவே பார்த்துவிடுங்கள் மிஸி என்றாள்.

மிஸிக்கு முகம் கறுத்துப்போனது.

“அக்கா, நான் மிஸி இல்லை. நாகேஸ்வரி. பணியகத்துக் கந்தோரிலை கடிதம் அடிக்கிறனான். இந்தக் கோட் இரவல்.” சுற்றிப் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னாள். “இவையளை நம்பிக்கொண்டு இருக்காதேங்கோ. நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்கோ.”

அதற்குள் சிரி என்றார்கள். கிருஷ்ணகுமாரி சிரித்தாள். அந்தச் சிரிப்புத்தான் போஸ்டரில் வந்தது.

நாகேஸ்வரி சொன்னபடி மறுவாரமே போயிருப்பாள். ஆனால் ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு பேர் போகும். விழிப்புணர்வுக்குப் பேர் போடுவார்கள், வைத்தியத்துக்குப் போடமாட்டார்கள். அது சொந்த வேலையாம். லீவு நாளில் போகலாம் என்று பார்த்தால், லீவு நாள் வந்ததும் பணியகத்து ஜீப் வாசலில் நிற்கும். இன்றைக்கு அந்தத் தோட்டத்தில் கூட்டம், நாளைக்கு இந்தத் தோட்டத்தில் கூட்டம், போஸ்டர்க்காரப் பெண் வராமல் எப்படி? மேடையில் ஏற்றி ஒரு வசனம் சொல்ல வைப்பார்கள். “நான் பார்த்துக்கொண்டேன். நீங்கள்?” அதுதான் போஸ்டரிலும் கொட்டை எழுத்தில் இருந்தது.

போஸ்டர் இல்லாத இடமில்லை. கோயில் மதிலில், கூட்டுறவுக் கடைச் சுவரில், கஹவத்தை பஸ் நிலையத்தில், கள்ளுத் தவறணை வாசலில். எம்பிலிப்பிட்டியச் சந்தையில் வாழைத்தார் லொறியின் பின்பக்கத்தில் தன் பெண்டாட்டி சிரித்துக்கொண்டு போவதைப் பிரதீபன் பார்த்தான். சனிக்கிழமை வந்ததும், பரிசோதித்துக்கொண்டாய் என்று எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கோபித்தான். பிறகு, எப்படியோ நல்லது, இனிப் பயமில்லை என்று நிம்மதியாகத் தூங்கினான். அவனிடம் உண்மையைச் சொல்ல வாயெடுத்தாள். முடியவில்லை. ஊரெல்லாம் சிரிக்கிற முகத்தை வைத்துக்கொண்டு, உள்ளே இப்படி என்று எந்த முகத்தால் சொல்வது?

மலையில் இன்னும் மோசம். பக்கத்து நிரை பிடிக்கிற வெள்ளையம்மா, இவளுக்கு மூத்தவள், வாய்த்துடுக்குக்காரி. அவளே ஒருநாள் பக்கத்தில் வந்து ரகசியமாக, வலிக்குமா என்று கேட்டாள். கிருஷ்ணகுமாரிக்கு என்ன தெரியும்? வலிக்காது அக்கா என்றாள். வெள்ளையம்மாவுக்குத் திருப்தி. நீ பார்த்துக்கொண்டாய், நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்ட மாதிரித்தான் என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். அன்று கிருஷ்ணகுமாரி எடுத்த கொழுந்து அரைப் பேருக்குக்கூடப் போதவில்லை.

மழைக்காலம் தொடங்கியபோது வலியும் தொடங்கியது. இடுப்பிலிருந்து தொடை வரை இழுத்தது. போனால் போகிறது பேர் என்று ஒரு கிளினிக் நாளில் விடியப் புறப்பட்டு, இரண்டு பஸ் மாறி ஆஸ்பத்திரிக்குப் போனாள். எந்த ஊர் ஆஸ்பத்திரி என்று நான் சொல்லமாட்டேன். அங்கேயும் நல்லவர்கள் இருக்கிறார்கள்.

பதிகிற இடத்தில் இருந்த அம்மணி அவளைக் கண்டதும் எழுந்தே விட்டார். சிங்களத்தில் மற்றவர்களையும் கூப்பிட்டார். போஸ்டர் நங்கி, அந்தத் தங்கச்சி, வந்திருக்கிறாள்! நாலைந்து பேர் ஓடி வந்து அவளோடு நின்று போனில் படம் எடுத்தார்கள். கிருஷ்ணகுமாரி தனக்குத் தெரிந்த நல்ல சிங்களத்தில், பரிசோதனைக்கு வந்தேன் என்றாள். அம்மணி சிரித்தார். நீதான் ஏற்கெனவே செய்துகொண்டாயே, செய்தவர்கள் திரும்ப வந்து இடத்தைப் பிடித்தால் செய்யாதவர்கள் என்ன ஆவது என்றார். அது வெறும் படம், எனக்கு யாரும் பார்க்கவில்லை என்றாள். அரசாங்கச் செலவில் அச்சடித்த படம் பொய் சொல்லுமா என்று அவர் இன்னும் பலமாகச் சிரித்தார். அவளுக்குப் பின்னால் சுவரில், திறந்திருந்த பரிசோதனை அறைக் கதவின் உள்பக்கத்தில், தூணில் என்று மூன்று போஸ்டர். மூன்றும் அம்மணி பக்கம் சாட்சி சொல்லின.

வந்தது வந்துவிட்டாய், ஒரு புண்ணியம் செய் என்றார் அம்மணி. வரிசையில் நிற்கிற பெண்கள் பயத்தில் பாதியிலேயே ஓடிவிடுகிறார்களாம். முன்னால் நின்று கொஞ்சம் தைரியம் சொல்லு.

அவள் நின்றாள். வேறு என்ன செய்வது என்று தெரியாமல் நின்றாள். கடைசியில் தன்னையும் ஒரு ஆளாகக் கூப்பிட மாட்டார்களா என்றும் ஒரு நப்பாசை. கைக்குழந்தைக்காரி ஒருத்தி வரிசையை விட்டுப் போய்விடப் பார்த்தாள். கிருஷ்ணகுமாரி குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, “ஒண்ணுமில்ல தாயி, போயிட்டு வாங்க, நான் இங்கதான் நிக்கிறேன்” என்றாள். அவள் உள்ளே போய், நிம்மதியான முகத்தோடு திரும்பி வந்தாள். கிருஷ்ணகுமாரி ஒவ்வொருத்தியாக அப்படி உள்ளே அனுப்பினாள். அன்று ஒருத்திகூட ஓடவில்லை. கடைசி ஆள் வெளியே வந்ததும் கதவைச் சாத்திப் பூட்டினார்கள். அம்மணி அவள் கையைப் பிடித்து மனசார நன்றி சொன்னார்.

திரும்புகிற பஸ்ஸில் இடம் இருந்தது. சேலை நனைந்திருந்ததால் அவள் உட்காரவில்லை. றக்வானை வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தாள். உட்காருங்க அக்கா, நீங்கதானே அந்தப் போஸ்டர் என்று ஒரு பெடியன் எழுந்து இடம் கொடுத்தான். வேண்டாம் தம்பி என்றாள்.

அதற்குப் பிறகு மெலிந்துகொண்டே போனாள். ரவிக்கை தோளில் நிற்கவில்லை. சுமித்ரா ஒருநாள் பள்ளிக்கூடச் சுவரில் இருந்த போஸ்டரையும், தன்னைக் கூட்டிப்போக வந்த அம்மாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் அம்மாவின் வேலையை எல்லாம் தானே செய்யத் தொடங்கினாள்.

இந்த நிலையில் மறுபடியும் லயத்துக்கு வெள்ளையடித்தார்கள். ஊத்துமலைத் தோட்டத்துக்கு விருது! நூறு வீத விழிப்புத் தோட்டம். பெரட்டுக் களத்தில் மேடை. பெரிய துரை, பிரதம அதிதி, டொக்டர் ஐயா, செல்வரத்தினம் எல்லோருக்கும் சாய்வு நாற்காலி. அந்தப் புதுக் கட்டிலையும் தூக்கிக்கொண்டு வந்து, பிளாஸ்டிக் உறையோடு, செவ்வந்தி மாலை சுற்றி மேடை நடுவில் வைத்திருந்தார்கள். பக்கத்தில் சிவப்புச் சிலுவை போட்ட பெரிய பெட்டி. பெண்கள் வேலைக் கோலத்தில், கூடையோடும் இடுப்பில் கட்டுகிற படங்கோடும்தான் வரவேண்டும் என்று உத்தரவு. படத்துக்கு அதுதான் எடுப்பாக இருக்குமாம்.

கிருஷ்ணகுமாரியைக் கண்டதும் மதுசன் திடுக்கிட்டார். போஸ்டரில் இருக்கிற ஆள் மாதிரி இல்லையே என்று கவலைப்பட்டு, பவுடரை அப்பச் சொன்னார்.

செல்வரத்தினம் பேசினார்.

“இந்தத் தோட்டத்தில் விழிப்படையாத தாய் ஒருவர்கூட இல்லை என்பதைப் பெருமையுடன் அறிவிக்கிறேன். பரிசோதனை எத்தனை பேருக்கு நடந்தது என்று சிலர் கேட்கிறார்கள். அது சின்னக் கேள்வி. பரிசோதனை உடம்பைத்தான் பார்க்கும். விழிப்புணர்வு நாட்டையே பார்க்கிறது!”

பிரதம அதிதி தலையாட்டினார். பிறகு கிருஷ்ணகுமாரியைக் கூப்பிட்டு மைக்கைக் கையில் கொடுத்தார்கள்.

அவள் கூட்டத்தைப் பார்த்தாள். முதல் வரிசையில் வெள்ளையம்மா. அவளுக்குப் பின்னால் மேல் டிவிசன் முழுக்க. எல்லோரும் தொப்பி போட்டிருந்தார்கள். எல்லோரும் இவளை நம்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தான் செத்தால்கூட, பார்த்துக்கொண்டவளே செத்துப்போனாள், பார்த்து என்ன பிரயோசனம் என்றுதான் இவர்கள் சொல்வார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. பிறகு ஒருத்தியும் ஆஸ்பத்திரிப் பக்கம் போகமாட்டாள்.

“நான் இன்னும் பாத்துக்கலைங்க” என்றாள்.

கை தட்டினார்கள். அவள் மைக்கில் எதைச் சொன்னாலும் கை தட்டுவது எல்லோருக்கும் பழகியிருந்தது.

“எனக்கு யாரும் பாக்கலைங்க. இந்தக் கட்டில்ல ஒக்கார வச்சுப் படம் மட்டும்தான் எடுத்தாங்க. டொக்டர் ஐயா இருக்காரு, கட்டில் இருக்கு, எல்லாப் பெரிய மனுசரும் இருக்கீங்க. இப்பப் பாருங்க.”

மைக்கைக் கீழே வைத்துவிட்டு, செவ்வந்தி மாலையை ஒதுக்கி, கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டாள்.

பெரிய கைதட்டல். அறிவிப்பாளர், தத்ரூபமான நடிப்பு என்றார். பிரதம அதிதி பக்கத்தில் குனிந்து, இந்த நாடகம் நிகழ்ச்சியில் போடப்படவில்லையே என்று கேட்டார். அதுதானே என்று செல்வரத்தினமும் தாளைப் புரட்டிப் பார்த்தார். போட்டோக்காரர் நாலு பக்கமும் ஓடிப் படம் எடுத்தார். அவள் எழுந்திருக்கவில்லை. மதுசன் போய், போதும் எழும்பு என்று காதில் சொன்னார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். எழுந்திருக்க அவளுக்குத் தெம்பும் இல்லை.

விருதை வழங்கிவிடலாம் என்று முடிவாயிற்று. கட்டிலுக்கு இந்தப் பக்கம் பெரிய துரையும் அந்தப் பக்கம் பிரதம அதிதியும் நின்று, அவளுக்கு மேலாகக் கேடயத்தை நீட்டினார்கள். அப்போதுதான் பிரதம அதிதி கீழே பார்த்தார். பிளாஸ்டிக் உறையில் ரத்தம் ஓடி, விளிம்பில் தேங்கி, செவ்வந்திப் பூவில் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் கையை விட்டுவிட்டார். கேடயம் விழுந்தது.

கைதட்டல் நின்றது. முதலில் எழுந்தவள் வெள்ளையம்மாதான். மேடையில் ஏறி, இடுப்பிலிருந்த படங்கை அவிழ்த்து, கட்டிலுக்கு முன்னால் விரித்துப் பிடித்தாள். பின்னாலேயே மற்றப் பெண்கள் வந்தார்கள். படங்கோடு படங்கு சேர்த்து, கட்டிலைச் சுற்றி மறைப்புக் கட்டினார்கள். போட்டோக்காரரைப் பிடித்துத் தள்ளினார்கள். உள்ளேயிருந்து வெள்ளையம்மாவின் குரல் மட்டும் வந்தது.

“வாங்கய்யா. மறைப்புக் கட்டியாச்சு. வந்து பாருங்க.”

டொக்டர் ஐயா செல்வரத்தினத்தைப் பார்த்தார். செல்வரத்தினம் சிவப்புச் சிலுவைப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். திறந்தார்கள். திறப்பு விழா ரிப்பன், கத்தரிக்கோல், கற்பூரம், தீப்பெட்டி, குத்துவிளக்குக்கு ஒரு போத்தல் எண்ணெய். இது விழிப்பூட்டல் பிரிவின் பெட்டி என்று அவர் விளக்கம் சொன்னார். கேட்க யாரும் இல்லை.

பெண்களே அவளைத் தூக்கிப் பணியகத்து ஜீப்பில் ஏற்றினார்கள். ஜீப்பின் கதவு முழுக்க அவள் போஸ்டர். கதவைத் திறக்க அவள் கன்னத்தில் கைவைத்துத்தான் இழுக்கவேண்டியிருந்தது. வெள்ளையம்மா அவள் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். சுமித்ரா அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். முன்சீட்டில் செல்வரத்தினம் வழி நெடுகப் போனில் பேசினார். செய்திக்குத் தலைப்புச் சொல்லிக்கொண்டிருந்தார். பணியகத்தின் விழிப்புணர்வுப் பணியினால் தோட்டத்துப் பெண் ஒருவர் தாமாகவே பரிசோதனைக்கு முன்வந்தார் என்று போடச் சொன்னார். வெள்ளையம்மா வெற்றிலைச் சாற்றை ஜன்னலுக்கு வெளியே துப்பினாள். காற்றில் அது முன்சீட்டுப் பக்கம் போனது.

அதே ஆஸ்பத்திரி. இந்த முறை யாரும் படம் எடுக்கவில்லை. உள்ளே புதிதாக வந்த டொக்டர் ஸும்றா இருந்தார். தமிழ் பேசுகிறவர், சின்ன வயது. கதவைச் சாத்தி, திரையை இழுத்துவிட்டு, பொறுமையாக, கையை முதலில் சூடு பண்ணிக்கொண்டு பார்த்தார். கிருஷ்ணகுமாரிக்கு அழுகை வந்தது. வலியால் இல்லை. இவ்வளவுதானா இது? இவ்வளவு சின்ன வேலைக்கா இத்தனை மாலை, இத்தனை விளக்கு?

பார்த்து முடித்ததும் டொக்டர் வெகுநேரம் கையைக் கழுவினார். திரும்பி வந்தபோது முகத்தில் சிரிப்பில்லை. சதைத் துண்டு எடுத்திருக்கிறேன், இரத்தினபுரிக்கு அனுப்பவேண்டும், அதற்குப் பிறகு கொழும்புக்கும் போகவேண்டி வரலாம் என்றார். வயதைப் பற்றி அவள் தயங்கித் தயங்கிச் சொன்னபோது அவருக்குக் கோபமே வந்துவிட்டது. ரத்தம் படுகிற ஆளுக்கு வயசு பார்க்கிறதா, எவர் சொன்னது அப்படி என்றார். பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

“ஏன் நீங்க முந்தி வரல்ல? இது ஒரு நாள் ரெண்டு நாள்ல வந்ததில்ல. ஒரு வருசத்துக்கு முந்தி வந்திருந்தா லேசா முடிஞ்சிருக்கும். இவ்வளவு நாளும் எங்க இருந்தீங்க?”

கிருஷ்ணகுமாரி தலையணையிலிருந்து முகத்தைத் திருப்பி, சாத்தியிருந்த கதவைக் காட்டினாள்.

“இங்கதான் டொக்டரம்மா இருந்தேன். அந்தா, ஒங்க கதவுலயே நிக்கிறேன்.”

டொக்டர் திரும்பிப் பார்த்தார். படத்தில் பல் பளிச்சென்றுதான் இருந்தது.